பச்சை அடித்தும் மஞ்சளாகவே நின்ற கட்டம்

திருவிடைமருதூர்,
இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, ஜனவரி மாதம், ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை.
(தேதியை எண்ணில் எழுதும் பழக்கத்தை நேற்றோடு விட்டுவிட்டேன். காரணம் கீழே வருகிறது.)

தோஹாவில் இருக்கும் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு, மச்சான் பஞ்சநதம், மகாலிங்க சுவாமியின் துணையோடு எழுதிக்கொண்டது. நீங்களும், தங்கை வானதியும், பாப்பாவும் அந்தச் சூட்டிலும் குளிரிலும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் வீட்டுக்காரி தர்மாம்பாளுக்கு முட்டிவலி தேவலை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உடம்பெல்லாம் சௌக்கியம்தான், மனசுதான் சனிக்கிழமை மதியத்திலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். வானதிக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம், அவள் படித்துவிட்டு உங்களுக்குச் சொல்லட்டும் என்றும் விட்டுவிட வேண்டாம், எப்படிச் செய்வதென்று எனக்கே தெரியவில்லை, உங்கள் இஷ்டம். போனில் சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை ராத்திரி நான்கு தடவை நம்பரைப் போட்டேன். நான்கு தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் என் நாக்கு மறுபடியும் பொய் சொல்லிவிடும் என்று பயமாக இருந்தது. அதனால் கூரியரில் அனுப்புகிறேன். நீங்கள் இருபத்தெட்டாம் தேதி வந்து இறங்கி, நேராக வயலுக்குப் போய், அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. என் கையெழுத்தில் தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

உங்கள் வயலை அறுத்துவிட்டேன். முற்றவில்லை. பால் பிடித்துக்கொண்டிருந்த கதிர். மூன்று மா நிலமும் இப்போது மொட்டையாகக் கிடக்கிறது.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சமாதானம் சொல்வதற்காக இல்லை, சமாதானம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் இருபத்தேழு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் எப்படி இந்தக் காரியத்தைச் செய்தான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் போன வருஷம் ஒரு லேப்டாப் வாங்கி அனுப்பினீர்கள். "மச்சான், ரிட்டயர் ஆயிட்டு சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க, எக்செல் கத்துக்கங்க, நான் இங்க கிட்டங்கியில மூவாயிரம் சாமானை அதுலதான் மேய்க்கிறேன்" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் அறுவடை மெஷினுக்கு வருஷா வருஷம் அடிதடி நடப்பது உங்களுக்குத் தெரியும். சேலம் பக்கமிருந்து ஒரு மெஷின் வரும், நாற்பத்து மூன்று வயல்காரர்களும் அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதலில், உனக்கு முதலில் என்று நிற்பார்கள். இந்த வருஷம் எல்லோரும் கூடி, முறை போடும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் நாற்பத்து மூன்று வரிசை போட்டு, சர்வே நம்பர், பெயர், நடவு தேதி என்று அடித்து வைத்தேன். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற ஹாஃபிஸா என்கிற பெண்தான் கலர் போட்டுக் கொடுத்தது. நட்டு நூற்றுப்பத்து நாள் ஆகாத வயல் பச்சை, நூற்றுப்பத்து நாள் தாண்டினால் தானாகவே மஞ்சள். "சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், தேதிய மட்டும் அடிங்க, கலரை அதுவே பாத்துக்கும்" என்று சொல்லிற்று. நானும் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும் மாப்பிள்ளை. சர்வீஸில் இருந்தபோது எந்த வயலில் என்ன பயிர் என்று வருஷா வருஷம் அடங்கலில் எழுதுவது என் வேலை. வயலில் இறங்கிப் பார்த்து எழுத வேண்டும் என்பது சட்டம். நான் போன வருஷத்து அடங்கலைப் பார்த்து இந்த வருஷத்தை எழுதினேன். வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் ஒரு தடவைகூட யாரும் ஒரு பிழை கண்டுபிடித்தது கிடையாது. தாளும் தாளும் ஒத்துப்போனால் வயலைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? அந்தப் புத்திதான் ரிட்டயர் ஆகவில்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்ணி, "பயிர் எப்படி இருக்கு மச்சான், போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்பீர்கள். "காலையிலதான் போயிட்டு வந்தேன், பச்சைப் பசேல்னு இருக்கு மாப்ளே" என்று சொல்வேன். நான் எங்கும் போகவில்லை. கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, லேப்டாப்பில் உங்கள் கட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். கட்டம் பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது. நட்டதைப் பார்த்தவர் நம் இரண்டு வயலிலும் வேலை பார்க்கிற கோவிந்தராசு, களை எடுத்ததைப் பார்த்தவர் கோவிந்தராசு, தண்ணீர் கட்டியவரும் அவரே. அவர் போனில் சொல்வார், நான் அடிப்பேன். இதை எழுதும்போது என் காது இரண்டும் சுடுகிறது. "பதினேழு வருஷம் ஆச்சு மச்சான், விளைஞ்ச நெல்லு வயல்ல நிக்கிறத பாத்து. சின்ன வயசுல அடுத்தவங்க நிலத்துலதான் அறுத்தோம். நம்மதுன்னு சொல்லிக்கிட்டு ஒரு கைப்பிடியாவது நானே அறுக்கணும், பாப்பாவும் பாக்கணும்" என்று நீங்கள் சொன்னபோது, அந்தப் பக்கம் வானதி மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. அப்போதும் நான் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தேதி விஷயம். உங்கள் வயலும் பக்கத்து என் வயலும் கடைமடை என்பதால் தண்ணீர் கடைசியில்தான் வந்தது. இரண்டையும் கோவிந்தராசு ஒரே நாளில், அக்டோபர் ஒன்பதாம் தேதி நட்டார். நான் முறையாக ஒன்பது, சாய்கோடு, பத்து என்று அடித்தேன். நம் வழக்கத்தில் நாள் முதலில், மாதம் அப்புறம். ஆனால் நீங்கள் அங்கே வாங்கிய பெட்டி அமெரிக்க வழக்கத்தில் இருந்திருக்கிறது. அவர்களுக்கு மாதம்தான் முதலில். அது அதைச் செப்டம்பர் பத்தாம் தேதி என்று எடுத்துக்கொண்டது. நம் பயிருக்கு ஒரே ராத்திரியில் ஒரு மாதம் வயது கூடிவிட்டது. மற்றவர்களில் பன்னிரண்டாம் தேதிக்கு மேல் நட்டவர்களுக்குக் கலரே வரவில்லை, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் என்று அமெரிக்காவிலும் கிடையாது. அந்த வெள்ளைக் கட்டங்களை நான் கையால் பெயிண்ட் அடித்தேன். கையால் அடித்த அத்தனையும் சரியாக இருந்தது. தானாக மாறியதில்தான் இந்த வினை. இதெல்லாம் நேற்று ஹாஃபிஸா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் லேப்டாப்பைத் திறந்தால் உங்கள் கட்டமும் என் கட்டமும் மஞ்சளாக இருக்கின்றன. எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தது. மாப்பிள்ளை இருபத்தெட்டாம் தேதி வருகிறார், அன்றைக்குத்தானே முற்றும் என்று கோவிந்தராசு சொன்னார், இது எப்படி இப்போதே மஞ்சளாச்சு என்று நினைத்தேன். சரி, தப்பாக மாறியிருக்கிறது, நாமே சரிபண்ணலாம் என்று கட்டத்தைப் பிடித்து, பெயிண்ட் டப்பா படத்தை அழுத்தி, பச்சை அடித்தேன். மஞ்சளாகவே நின்றது. மறுபடியும் அடித்தேன், கரும்பச்சை. மஞ்சள். கலரே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தேன். மஞ்சள். பக்கத்துக் கட்டத்தில் அடித்தால் உடனே பிடிக்கிறது, இந்த இரண்டில் மட்டும் பிடிக்கவில்லை. அணைத்துவிட்டு, மேல் மூடிக்கு ஒரு கீற்று விபூதி இட்டு, திரும்பத் திறந்தேன். மஞ்சள். தானாக மாறும் கலர் மேலே உட்கார்ந்திருக்கும்போது கையால் அடிக்கிற கலர் அதற்கு அடியில்தான் போய் நிற்கும், வெளியில் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் வழக்கம்தான். நான் எழுதியதை ஒருத்தர் அடித்துவிட்டு வேறு எழுதினால், நான் திரும்ப எழுதியும் அவர் திரும்ப அடித்தால், அவர் மேலதிகாரி. மூன்று தடவைக்கு மேல் மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. அதற்கு என்னைவிட ஏதோ அதிகம் தெரிந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். பயிர் சீக்கிரம் முற்றிவிட்டது போலும், நல்ல சேதியாக மாப்பிள்ளைக்குச் சொல்லலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நினைத்த மறுநாளே ரேடியோவில் வேதாரண்யம் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு, கன மழை வரலாம் என்று சொன்னான். முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் அவ்வளவுதான், வயலிலேயே முளைத்துவிடும். மாப்பிள்ளை வந்து பார்க்கும்போது முளைத்த நெல்லா நிற்க வேண்டும் என்று எனக்கு உங்கள் மேல் பிரியம் பொங்கிவிட்டது. (அந்த மழை வரவில்லை. ஒரு தூறல்கூட இல்லை.) சனிக்கிழமை காலை ஹாஃபிஸாவிடம் ஷீட்டைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளாத குறையாக வயலுக்குப் போனேன். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் போகிறேன். கோவிந்தராசு பெண் வீட்டில் பேரனுக்குக் காது குத்து என்று திருப்பனந்தாள் போயிருந்தார். நான் மட்டும்தான். மெஷின் டிரைவர் சாமிதுரை காலையில் ஆறு வயல் முடித்துவிட்டார். ஆறும் தாளில் மஞ்சள், தரையிலும் மஞ்சள். ஊரார் எல்லாம், "ஐயா போட்ட முறையில ஒரு சண்டை இல்லைங்க" என்று என்னைப் புகழ்ந்தார்கள். ஒருத்தர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த இளநீர்தான் என் கண்ணை மறைத்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரார் கலைந்த பிறகு, மெஷினைக் கடைமடைக்குக் கூட்டிப்போனேன். வாய்க்கால் கரையில் நின்று, நான் வரைந்த புலப்படத்தை விரித்து, உங்கள் வயலைக் காட்டினேன். சாமிதுரை மெஷினை விட்டு இறங்கி, வரப்பில் உட்கார்ந்து, ஒரு கதிரை ஒடித்து, நகத்தால் நசுக்கினார். வெள்ளையாகப் பால் வந்தது.

"ஐயா, இன்னும் பால் கட்டல. கதிரு நிமிந்தில்ல நிக்குது. இதையா அறுக்கச் சொல்றீங்க?"

"தாளைப் பாருங்க தம்பி. மஞ்சள் போட்டிருக்கு."

"தாளு மஞ்சளா இருக்குதுங்க. பயிரு பச்சையா இருக்குதே."

"இதெல்லாம் கணக்குப் பண்ணி வருது தம்பி. நூத்துப்பத்து நாள் தாண்டியாச்சு. நாமளா பச்சை அடிச்சாக்கூட ஏத்துக்கல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாற்பது வயதுகூட இருக்காது அவருக்கு. "அப்ப ஒரு வரி எழுதிக் கொடுத்திடுங்க ஐயா. நாளைக்கு என்னைய யாரும் கேக்கக் கூடாது" என்றார். எழுதிக் கொடு என்று ஒருத்தர் கேட்டால் என் கை நிற்குமா மாப்பிள்ளை? வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்றுக்கு ரிப்போர்ட் என்று எழுதிய கை. பையிலிருந்து பேனாவை எடுத்து, லேமினேஷனுக்குப் பின்னால் வைத்திருந்த வெள்ளைத் தாளில், "மேற்படி வயலில் உள்ள பயிர் நன்கு முற்றி அறுவடைக்கு ஏற்ற நிலையில் உள்ளது எனச் சான்றளிக்கிறேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அடியில் பணி நிறைவு என்றும் போட்டுக் கொடுத்தேன். அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது செத்துவிடலாம் போல இருக்கிறது.

மெஷின் ஒரு சுற்று வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நெல் விழுகிற சத்தம் இல்லை. பச்சை வைக்கோல் சிக்கிச் சிக்கி மெஷின் இருமியது. சாமிதுரை மேலிருந்து என்னைப் பார்த்து நிறுத்தட்டுமா என்று கையை ஆட்டினார். நிறுத்து என்று ஒரு வார்த்தை, அதற்கு என்ன செலவு? முக்கால்வாசி வயல் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அந்த ஆள் முன்னால் நான் எழுதியது தப்பு என்று எப்படிச் சொல்வது? போகட்டும் என்று கையை ஆட்டினேன். மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் செய்தது ஒரு சுற்றுதான். மிச்சத்தை நான் செய்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, தர்மாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது என் வயல். அதுவும் மஞ்சள். சாமிதுரை மெஷினைத் திருப்பிக்கொண்டு, "இதையுமாங்க?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை அப்போது எப்படி வாயில் வந்தது பாருங்கள். உங்கள் வயலுக்கு வராத வார்த்தை என் வயலுக்கு வந்துவிட்டது. உங்களுடையதை மழித்துவிட்டு என்னுடையதைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று ஊர் சொல்லும். சொன்னால் அதில் பொய்யில்லை. குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஆட்கள் இல்லாத வரப்பாகப் பார்த்து நடந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரியிலிருந்து போனை அணைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நேற்று ஒரு தடவை லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஹாஃபிஸாவிடம் போனதைத் தவிர வாசல் தாண்டவில்லை. அந்தப் பெண் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஐயையோ சார், இது மாசத்தை முதல்ல எடுத்துக்குது சார்" என்றது. அப்புறம், "ஆனா வயலைப் பாத்தீங்கல்ல சார்?" என்று கேட்டது. குழந்தைத்தனமாகத்தான் கேட்டது. நான் லேப்டாப்பை மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

தர்மாம்பாள் மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரசம் மட்டும் வைக்கிறாள். நேற்று மாலை தட்டை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் புள்ள லீவ் போட்டு, குடும்பத்தோட வருது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாங்கன்னு கூப்பிடப் போறீங்க?"

அதற்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மாப்பிள்ளை, என் வயல் நிற்கிறது. உங்களுடையதற்குப் பக்கத்திலேயே, அதே நாளில் நட்டது, அதே விதை. இருபத்தேழாம் தேதி முற்றும். அதை முழுசாக உங்களுக்கே கொடுத்துவிட்டேன். இந்தப் போகம் மட்டும் இல்லை, நிலத்தையே மாற்றி எழுதித் தருகிறேன். இந்த மொட்டை நிலம் எனக்கு இருக்கட்டும், நான் தினம் பார்த்துப் புத்தி கற்றுக்கொள்கிறேன். நீங்கள் வந்து, உங்கள் வயல் என்றே நினைத்து இறங்கி அறுங்கள். பாப்பா பார்க்கட்டும். இதைச் சொல்லும்போது தர்மாம்பாள் அழுதாள், ஆனால் சரி என்று தலையை ஆட்டினாள். இதைத் தவிர என்னிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வானதிக்கு அண்ணனின் ஆசீர்வாதம், அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசிருந்தால். பாப்பாவுக்கு மாமாவின் முத்தம். உங்களுக்கு, வயசில் மூத்தவனாக இருந்தாலும், கைகூப்பி மன்னிப்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மச்சான்,
ப. பஞ்சநதம்,
கிராம நிர்வாக அலுவலர் (பணி நிறைவு) என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பி.கு.: மாப்பிள்ளை, உறையை ஒட்டப் போகும்போது கோவிந்தராசு திருப்பனந்தாளிலிருந்து வந்து, நேராக வயலைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நிற்கிறார். நான் எழுந்து, "மாப்பிள்ளை வயலை இப்படிப் பண்ணிட்டேன் கோவிந்தராசு" என்று அழுதேன். அவர், "ஐயா, நீங்க அறுத்தது உங்க வயலுங்க. மாப்ள வயலு கெழக்கால அப்படியே நிக்குது, ஒரு கதிரு கொறையல" என்றார். வாய்க்கால் கரையில் நான் தெற்குப் பார்த்து நின்றிருக்கிறேன், புலப்படத்தில் வடக்கு மேலே. என் வலது கைப் பக்கம் கிழக்கு என்று நினைத்துக் காட்டியது மேற்கு.

ஆகவே மேலே நான் பெரிய மனசோடு உங்களுக்குக் கொடுத்திருப்பது உங்கள் வயலைத்தான். எழுதி வாங்க வேண்டியதில்லை, பட்டா ஏற்கெனவே வானதி பெயரில் இருக்கிறது. தர்மாம்பாளிடம் சொன்னேன். "அப்பாடா, அவங்களுது தப்பிச்சிதே" என்றாள். அப்புறம்தான் நம்முடையது போய்விட்டது என்று அவளுக்கு உறைத்தது. இப்போது உள்ளே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. நான் அறுக்கப் போனது உங்கள் வயலைத்தான் மாப்பிள்ளை. எனக்கு அடையாளம் தெரியாததால்தான் அது பிழைத்தது. அதனால் மேலே கேட்ட மன்னிப்பு அப்படியே இருக்கட்டும். இருபத்தெட்டாம் தேதி வாருங்கள், கோவிந்தராசு உங்களுக்கு உங்கள் வயலைக் காட்டுவார், எனக்கும் என் வயலைக் காட்டுவார். நீங்கள் அறுக்க இறங்கும்போது எனக்கும் ஒரு அரிவாள் கொடுங்கள், வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வெட்கமாக இருக்கும்.